கைக்குழந்தையோடு கடல் காணப் போதல்

வாலிகண்டபுரத்தில் கடல் இல்லை. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெருஞ்சாலையை ஒட்டி, வாலி பூசித்ததாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயிலை அடையாளமாகக் கொண்டு, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளின் நடுவே இருக்கும் இவ்வூரில் பிறக்கும் ஒரு குழந்தை, கிணற்றையும் ஏரியையும், மழை நன்றாகப் பெய்த வருஷமானால் ஓடையையும் காணுமேயன்றி, அலை எறியும் நீர்ப்பரப்பைக் காண வேண்டுமாயின் கிழக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு பிரயாணம் செய்தே தீர வேண்டும். அந்தப் பிரயாணத்தை எந்த வயதில், எந்த மாதத்தில், எந்தக் கரையை நோக்கிச் செய்வது, போன இடத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எழுகிறது. மருமகன் வண்டிக்குச் சொல்லிவிடுவார், மகள் பையில் துணிகளை அடுக்கத் தொடங்குவாள், அடுப்பங்கரையிலிருந்து அம்மாயி, "பல்லு மொளைக்காத புள்ளையக் கொண்டுபோய் உப்புக் காத்துல வெப்பாங்களாடி?" என்று கேட்பார், அத்தோடு பையைக் கட்டுவது நிற்கும்.

அம்மாயியின் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமன்று. அக்கேள்வியில் பாதி அநுபவம், பாதி அச்சம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், நாம் எதற்காகக் கடலுக்குப் போகிறோம் என்று விசாரிக்க வேண்டும். உல்லாசத்துக்காகக் கடற்கரையில் சில நாள் தங்குவது என்ற வழக்கம் ஐரோப்பாவிலேயே மிகப் பழையதன்று. 1750ஆம் ஆண்டையொட்டி ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில வைத்தியர் கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்து நூல் எழுதிய பிறகே பிரைட்டன் போன்ற மீனவர் ஊர்கள் சீமான்களின் வாசஸ்தலங்களாயின. நம் நாட்டிலோ கடல் தீர்த்தம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் ஆகிய நாள்களில் மூழ்கி எழுவதற்கும், முன்னோர்க்கு நீர்க்கடன் செய்வதற்கும் உரியது. பட்டினப்பாலை காட்டும் புகார் மக்கள் கடலாடிக் களித்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் உள்நாட்டு உழவர் குடும்பம் ஒன்று தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் நோக்கிப் புறப்பட்டதற்கு, நானறிந்த வரையில், நேர்த்திக்கடனே பெரும்பாலும் காரணம். வேளாங்கண்ணியில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டவர்கள், நாகூர் ஆண்டவர் சந்நிதியில் குழந்தைக்கு ஓதி வாங்க வேண்டியவர்கள், வைத்தீசுவரன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திவிட்டு, 'இவ்வளவு தூரம் வந்தோம், பூம்புகாரையும் பார்த்துவிட்டுப் போவோம்' என்று வண்டியைக் கிழக்கே திருப்பியவர்கள் ஆகியோரே எங்கள் ஊர்ப் பக்கத்தில் கடல் கண்டவர்கள். இந்த உண்மையை மறந்து, நகரத்துக்காரர் வழக்கத்தை அப்படியே நம் குடும்பத்துக்குப் பொருத்துவதால் விளையும் குழப்பமே அதிகம். நேர்த்திக்கடன் ஒருநாள் காரியம். கடல் காண்பது ஓய்வான காரியம். இரண்டையும் ஒரே பகலில் திணித்தால், முடி இழந்த வருத்தமும் வெயிலும் பசியும் ஒன்று சேர்ந்து குழந்தை அழும் அழுகையைத் தவிர வேறெதுவும் ஞாபகத்தில் தங்குவதில்லை.

இரண்டாவது விசாரம், குழந்தை எதைப் பார்க்கிறது என்பது. பெரியவர்கள் கோட்டை பார்க்கப் போகிறார்கள். குழந்தை கோட்டை பார்ப்பதில்லை. பிறந்த சிசுவின் கண்ணுக்கு இருபது முப்பது செ.மீ. தூரத்தில் இருப்பதே தெளிவாகத் தெரியும் என்று குழந்தை வைத்தியர்கள் கூறுகின்றனர். அதாவது மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம். அதற்கு அப்பால் தரங்கம்பாடியின் டேனியர் கோட்டையும் ஒன்றுதான், பெரம்பலூர்ப் பேருந்து நிலையமும் ஒன்றுதான்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் உற்று நோக்கியதில் நம் புலவர்களுக்கு ஈடு சொல்வது அரிது. பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தத்தில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பத்துப் பருவங்களை வகுத்து, அவற்றை மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் வைத்தெண்ணும் ஒரு கணக்கு உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதி மூன்றும் அம்மானை முதலியவாக மாறும். இந்தக் கணக்கைக் கடற்பிரயாணத்துக்கு ஒரு பஞ்சாங்கமாகக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம், பண்டிதர்கள் பொறுத்தருள்க.

காப்புப் பருவம் காக்க வேண்டிய பருவம். தெய்வங்களை அழைத்துக் காவல் வைக்கும் அந்த மூன்றாம் மாதம் வரை குழந்தையை வெயிலிலும் கூட்டத்திலும் கொண்டு செல்லாதிருப்பது நன்று. அம்மாயி இங்கே முற்றிலும் சரி. ஐந்தாம் மாதச் செங்கீரையில் குழந்தை குப்புற விழுந்து, கைகளை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும். அதற்கு ஒரு பாய் போதும், கடல் வேண்டியதில்லை. தாலப் பருவத்தில் தாலாட்டுக் கேட்கும். அலையோசையும் ஒரு தாலாட்டுத்தான், ஆனால் உறங்குவதற்காக நூற்றைம்பது கிலோமீட்டர் போவது அதிகம். ஒன்பதாம் மாதச் சப்பாணியில், உட்கார்ந்து கைகொட்டும் நிலை வந்ததும் விஷயம் மாறுகிறது. உட்காரத் தெரிந்த குழந்தை மணலில் உட்காரும். ஒரு பொருளைத் துணியால் மூடினால் அது இல்லாமற் போய்விடவில்லை என்பது அந்த மாதங்களில்தான் குழந்தைக்கு விளங்கத் தொடங்குகிறது என்று மனோதத்துவ அறிஞர் பியாஜே எழுதினார். போன அலை மறுபடி வரும் என்று காத்திருக்கத் தெரிந்த குழந்தைக்கே கடல் ஒரு விளையாட்டு. முத்தமும் வருகையும் அதற்கு மேல். தளர்நடை நடந்து வரும் பதின்மூன்றாம் மாதத்தில் கடற்கரையைப் போன்ற களம் வேறில்லை, விழுந்தாலும் அடிபடாது. அம்புலிப் பருவத்தில் நிலாவை அழைக்கலாம். பௌர்ணமியன்று கிழக்குக் கடலில் எழும் நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது வாலிகண்டபுரத்து மொட்டை மாடியில் கிடைக்காத பாக்கியம். சிற்றில் பருவமோ கடற்கரைக்கென்றே அமைந்தது போன்றது: ஒரு குழந்தை மணல் வீடு கட்டும், மற்றொன்று அதைக் காலால் அழிக்கும்.

முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழைக் குமரகுருபரர் பாடிய வைத்தீசுவரன் கோயில் பூம்புகார் போகிற வழிக்கருகிலேயே இருக்கிறது. குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடிய ஒட்டக்கூத்தர் காலத்துச் சோழர் தலைநகரமாகிய கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே, நாம் போகும் பாதையிலேயே இருக்கிறது. ஆகவே பிள்ளைத்தமிழைத் துணைக்கு அழைத்தது வலிந்து செய்ததன்று.

இனிக் காலம். நம் குடும்பங்கள் கடலுக்குப் போவது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில், அதாவது சித்திரை, வைகாசியில். அதுவே தவறான காலம். அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் மே மாதத்தின் முதல் வாரத்தில் தொடங்கி அம்மாதக் கடைசி வரை காய்கிறது. பகலில் நிலம் சூடேறக் கடலிலிருந்து வீசும் காற்று ஓரளவு தணிவு தரும் என்பது உண்மையானாலும், அது வருவதற்குள் மணல் பொரிகிறது. கார்த்திகையை ஒட்டிய மாதங்களும் ஆகா. வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரைக்கே உரியவை. 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய 'தானே'யையும், 2018 நவம்பரில் வேதாரண்யத்தைத் தாக்கிய 'கஜா'வையும் மறந்தவர் யார்? எஞ்சியிருப்பவற்றில் தையும் மாசியும் பங்குனியின் முற்பாதியும் உத்தமம். பள்ளிக்குப் போகும் அக்காளோ அண்ணனோ இருக்கும் வீடுகளுக்கு இது சங்கடம்தான். பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சமாளிக்கலாம், ஆனால் காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், அன்று கடற்கரையில் மணலைவிடத் தலைகள் அதிகம். இதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் இக்கரைகளில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. வனத்துறையினர் அம்முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பிடங்களில் வைத்துக் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பிறந்த சில நிமிஷங்களில் தாய் முகம் காணாமல் கடலை நோக்கி ஊர்ந்து போகும் அச்சிறு பிராணிகளை நினைக்கும்போது, பதினான்கு பைகளோடு புறப்படும் மனிதக் குழந்தையின் மகிமை விளங்கும்.

இடம் எது என்பதில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. அது ஒரு தோல்வியிலிருந்து வந்தது. என் பேரனுக்கு ஐந்து மாதம் நடக்கையில், ஒரு வைகாசி மாதத்தில், வண்டி வைத்துக்கொண்டு ஒரே பகலில் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய ஐந்தையும் பார்த்துவிடுவதெனப் புறப்பட்டோம். கணக்குக்கு ஐந்தையும் பார்த்தோம். உண்மையில் பார்த்தது வண்டியின் பின் இருக்கையைத்தான். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதையன்றி வேறொரு காட்சியிலும் சிரத்தை காட்டவில்லை. இரவு தங்கிய விடுதியில், முன்பணம் வாங்கும்போது சொல்லாத விஷயமாக, எங்கள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர் இருந்தது; மின்சாரம் போகும்போதெல்லாம் அது உறுமும், உறுமும்போதெல்லாம் குழந்தை வீறிடும். விடியும் வரை நானும் மருமகனும் முறை வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தோம். காலையில் என் மகள் சொன்னது: "அப்பா, கடல் பாத்தீங்களா? நான் பாக்கல."

அடுத்த மாசியில், அவன் தளர்நடை பயிலும் பதினான்காம் மாதத்தில், தரங்கம்பாடி ஒன்றுக்கு மட்டும் போனோம். இரண்டு இரவு தங்கினோம். அதனால் அவ்வூரைப் பற்றி நீளச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தரங்கம்பாடியின் முதற் சிறப்பு அது சிறியது என்பது. 1792இல் திரும்பக் கட்டிய நகர வாயிலில் நுழைந்து இராஜ வீதியில் நேரே நடந்தால், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும், அதில் அடங்கியிருக்கும் பாதிரியார் சீகன்பால்குவின் நினைவும், பழைய டேனியர் மாளிகைகளும், தஞ்சை நாயக்கர் இரகுநாதரோடு செய்த உடன்படிக்கையின் பேரில் 1620இல் எழும்பிய டேன்ஸ்பர்க் கோட்டையும், அதற்கு வடக்கே 1306இல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் கட்டப்பெற்றுக் கடலால் பாதி தின்னப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலும், ஒரு குழந்தை இரண்டு முறை பால் குடிக்கும் இடைவெளிக்குள் பார்த்து முடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. தள்ளுவண்டி கோட்டை வாசல் வரை உருளும். மணலில் உருளாது, அங்கே இடுப்புத்தான். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்த ஊர் என்பதும், டேனியர் 1845இல் இதை ஆங்கிலேயருக்கு விற்றுப் போனார்கள் என்பதும் பெரியவர்களின் சம்பாஷணைக்கு. குழந்தைக்குக் கோட்டை மதிலின் நிழல் போதும். பத்து மணிக்கு மேல் அந்த நிழலின் அருமை தெரியும். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உண்டு; விடுமுறை நாளை முன்கூட்டி விசாரித்துப் போவது உசிதம்.

முதல் நாள் காலை ஆறே முக்கால் மணி இருக்கும். சூரியன் கடலைவிட்டு ஒரு முழம் ஏறியிருந்தது. ஈர மணலில் பேரனை நிறுத்தினோம். கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பிடித்த என் ஆள்காட்டி விரலை விடாமல் நின்றான். ஓர் அலையின் நுனி வந்து கணுக்காலைத் தொட்டுத் திரும்பிற்று. திரும்புகையில் குதிகாலின் கீழிருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. அவன் கடலைப் பார்க்கவில்லை. தன் காலடியையே குனிந்து பார்த்தான். நிலம் நகர்கிறது என்பது அவனுக்கு முதல் செய்தி. இரண்டாம் அலைக்கும் அப்படியே. மூன்றாம் அலை வருவதற்கு முன்பாகவே முகத்தைத் தூக்கி, அது வரும் திசையை நோக்கி, வாயைத் திறந்து காத்திருந்தான், வந்தது, சிரித்தான். அதற்குள் ஒரு பிடி மணல் வாய்க்குள் போயிருந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்பால் கிடந்த கருங்கற் குவியலைக் காட்டி, "அந்தப் பக்கம் மட்டும் கொண்டு போவாதீங்கய்யா, பாசி, வழுக்கி விட்டுடும்" என்றார். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய அந்தக் கற்கள் பூம்புகாரிலும் உண்டு. படம் எடுப்பதற்காக அவற்றின் மேல் குழந்தையோடு ஏறுவோரைக் காணும்போது என் வயிறு கலங்குகிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையில் என்ன நேர்ந்தது என்பதை அவ்வூரார் யாரும் தாமாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மற்ற இடங்களை விரைந்து பார்த்துவிடலாம். பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் காட்சியும், 1973இல் திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடமும் உண்டு. சிலம்பு படித்தவர்க்கு அது யாத்திரைத் தலம், ஆனால் கடற்கரையில் நிழல் குறைவு, அரை நாளுக்கு மேல் குழந்தைக்கு ஆகாது. வேளாங்கண்ணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்: பாலும் மருந்தும் வெந்நீரும் எந்நேரமும் கிடைக்கும் வசதியில் இந்தக் கரையில் அதற்கு ஈடான ஊர் இல்லை, 1962இல் பசிலிக்கா என்ற பெருமை பெற்ற அப்பேராலயத்தில் குழந்தைகள் அழுதால் யாரும் முகம் சுளிப்பதுமில்லை. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் மட்டும் கைக்குழந்தையோடு போகலாகாது. நாகூரில் 131 அடி உயர மினாராவை அண்ணாந்து பார்க்க வைப்பதற்கும் புறாக்களைக் காட்டுவதற்கும் ஒரு மணி நேரம் போதும். காரைக்கால் கடற்கரைச் சாலை நடைக்கு ஏற்றது, மாலைக்குச் சிறந்தது. பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டு நீர்வழிகள் நிழலும் அமைதியும் நிறைந்தவை; ஆயினும் கைக்குழந்தையின் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறதென்று கண்ணால் பார்த்த பின்பே படகில் ஏற வேண்டும். இராமேசுவரமும் கன்னியாகுமரியும் மெரீனாவும் குழந்தை தன் காலால் நடந்து, 'எனக்குக் கால் வலிக்குது' என்று வாயால் சொல்லும் வயது வரை காத்திருக்கும்; எங்கும் ஓடிவிடா.

வழிப் பிரயாணம் பற்றி. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூர் நிலையம் விழுப்புரம் திருச்சி நேர்பாதையில் இருப்பதால் கடற்கரைக்கு அது நேராக உதவாது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ஒரு சிறு ரயில் ஓடிற்று. 1980களில் அது நின்றுபோனது. ஆகவே பேருந்து அல்லது வாடகைக் கார். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2022 முதல் கட்டணமில்லை. 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன. இருப்பது வேறு, திறந்திருப்பது வேறு. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காரில் போவோர் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகச் சென்று கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கிவிடுவது நல்லது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிய அக்கோயிலின் புல்வெளியில் ஒரு குழந்தை அரைமணி தவழ்ந்தால், மிச்சப் பாதை முழுவதும் உறங்கும். அப்பால் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது அம்மாயி ஒரு நாணயத்தை எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றி ஆற்றில் போடுவார். வைத்திய சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை; குடும்ப சமாதானத்துக்கு அந்த ஒரு ரூபாய் மலிவு.

உடம்பைப் பற்றிய அச்சங்களில் எது மெய், எது பொய்? 'உப்புக் காற்று ஆகாது' என்பது பொய். ஆகாதது வெயிலும் வியர்வையும் பசி தவறுவதும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே ஆகாரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோடையிலும் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும், தாய்தான் நிறைய நீர் குடிக்க வேண்டும். வழியில் சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து என்று எதையும் புகட்டலாகாது. வசம்பை மணிக்கட்டில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மேலானால் காய்ச்சி ஆறிய நீர், வீட்டிலிருந்து கொண்டுபோன கேழ்வரகு மாவில் அங்கேயே காய்ச்சிய கஞ்சி, மசித்த வாழைப்பழம், குழைந்த பருப்புச் சோறு இவை போதும். கடைத்தெருவில் பொரிக்கும் மீன் வாசனை பெரியவர்களைத்தான் இழுக்கும். வயிற்றுப்போக்குக் கண்டால் கொடுக்க உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். போக்கு நிற்காமல் குழந்தை சோர்ந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனை. தடுப்பூசி தேதி பிரயாணத்தோடு மோதினால் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கடலில் குளிப்பாட்டுவதை நான் அங்கீகரிக்கவில்லை. குழந்தையின் உடம்பு சிறிது, அதன் அளவுக்குத் தோற்பரப்பு அதிகம்; நீரில் அதன் சூடு நம்மைவிட வேகமாக இறங்கும். இந்தக் கரையில் அலையின் உள்ளிழுப்பும் பொல்லாதது; பெரியவர்களையே கொண்டு போயிருக்கிறது. கால் நனைய நிற்பது போதும், அதுவும் இரு கை பிடித்து. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆகையால் அறைக்குத் திரும்பியதும் தொடையிடுக்கும் கழுத்து மடிப்பும் நல்ல நீரால் கழுவித் துடைக்காவிட்டால் இரவு முழுவதும் எரிச்சலால் அழும். வெயிலுக்குப் பூசும் களிம்பு ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். அதற்கு நிழலும் பருத்திச் சட்டையும் தொப்பியும். கண்ணுக்குள் மை இடாமல் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு விடுவது வைத்தியர், அம்மாயி இருவருக்கும் உடன்பாடு. காலை ஆறு முதல் எட்டரை, மாலை நான்கரை முதல் ஆறரை: இந்த நாலரை மணி நேரமே ஒரு நாளின் கடல். நடுப்பகல் நித்திரைக்கு உரியது. அதை ஒரு கோயிலுக்காகவோ கோட்டைக்காகவோ கலைத்தவர்கள் மாலைக் கடலையும் சேர்த்து இழந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வீட்டில் உடல்நலமில்லாதவர் இருப்பதாலோ, கையில் பணமில்லாததாலோ கடலுக்குப் போக முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. வாலிகண்டபுரத்தில் கடல் இல்லை என்று தொடங்கினேன். எங்கள் மாவட்டத்தில் கடல் இருந்தது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மேல் சமுத்திரம் பரவியிருந்ததற்குச் சாட்சியாக, காரையின் செம்மண் மேடுகளில் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் சிப்பிப் படுகைகளும் கிடக்கின்றன. 1860களில் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் இவற்றை ஆராய்ந்து பெருநூல் எழுதினார். சாத்தனூரில் கடலில் விழுந்து மண்மூடிக் கல்லாகிப்போன பதினெட்டு மீட்டர் மரம் ஒன்று வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. 1940இல் அதை உலகறியச் செய்தவர் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். வாரணவாசியில் இவற்றுக்கென அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு மார்கழிக் காலையில் பேரனைச் சாத்தனூருக்குத் தூக்கிச் சென்றேன். கன்மரத்தைக் கண்டு அவன் வியக்கவில்லை, வேலியின் கம்பியைத் தட்டி ஓசை கேட்டான். அந்தக் கற்களையும் ஓடுகளையும் எடுத்து வரலாகாது; பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விடுதி அறைகளின் மேற்கூரையில் தூளி கட்டக் கொக்கி இருப்பதில்லை. அறை பேசும்போதே அதைக் கேட்டுவிடுங்கள், ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பதையும். நாங்கள் பகல் நித்திரைக்குக் கரையோரச் சவுக்கு மரங்கள் இரண்டின் இடையே தூளியைக் கட்டினோம். பேரன் இரண்டரை மணி நேரம் உறங்கினான். தூளிக்குப் பழைய நூற்சேலையாக எடுத்துப் போங்கள். பட்டும் பாலியெஸ்டரும் முடிச்சில் நிற்காது, வழுக்கும்.